வீடு கட்டும் கால அட்டவணை: சேலத்துக் கட்டடப் பொறியாளரின் கேள்வி பதில்

சேலத்திலும் சுற்றுவட்டாரத்திலும் தனி வீடுகள் கட்டித் தருவது என் தொழில். எந்த வேலையை எப்போது, எதற்கு அப்புறம் செய்வது என்பதைப் பற்றி மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். விலை, வாஸ்து, எந்தக் கம்பெனி சிமெண்ட் நல்லது, இந்த மூன்றும் வேண்டாம் என்றும் சொல்லியிருந்தேன். வந்ததில் பாதி அந்த மூன்றும்தான். பரவாயில்லை, ஆரம்பிக்கலாம்.

அஸ்தம்பட்டியிலிருந்து: 1,200 சதுர அடி, தரைத்தளம் மட்டும். தை மாதம் ஆரம்பித்தால் ஆவணியில் பால் காய்ச்சலாமா? மேஸ்திரி ஐந்து மாதம் போதும் என்கிறார்.

பதில்: காய்ச்சலாம். ஆனால் ஆவணியின் கடைசி முகூர்த்தமாகப் பாருங்கள். மேஸ்திரி சொல்லும் ஐந்து மாதம் பொய் இல்லை, அது அவருடைய வேலைக்கான கணக்கு. கல், கான்கிரீட், பூச்சு, அவ்வளவுதான் அதில் இருக்கும். ஆசாரி, எலக்ட்ரீசியன், பிளம்பர், டைல்ஸ்காரர், பெயிண்டர் எல்லோரும் அந்தக் கணக்குக்கு வெளியே நிற்கிறார்கள். அவர்களையும் சேர்த்தால் ஏழு மாதமாவது ஆகும்.

நான் சுமாராக இப்படிப் போடுவேன். கடைக்கால் தோண்டி, ஃபுட்டிங் (பில்லரின் அடித்தளம்), பில்லர், பிளின்த் பீம் (தரைமட்ட பீம்) முடித்து, மண் கொட்டித் தண்ணீர் விட்டு இறுக்க ஆறு வாரம். சுவர் எழுப்பி, லிண்டல் (கதவு ஜன்னலுக்கு மேல் வரும் பீம்) தாண்டி, சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்கும் பலகை) அடித்துத் தளம் போட ஏழு வாரம். தளத்தைத் தாங்கும் முட்டுக் கம்பங்கள் நிற்கும் காலம் இரண்டு மூன்று வாரம். பைப் பதிப்பதும் உள்பூச்சு வெளிப்பூச்சும் ஏழு வாரம். டைல்ஸ், கதவு, பட்டி (பெயிண்டுக்கு முன் தடவும் மாவுப் பூச்சு), பெயிண்ட், கடைசியில் ஸ்விட்சும் குழாயும் மாட்ட எட்டு வாரம்.

தையில் ஆரம்பித்தால் உங்கள் தளம் சித்திரையில் விழும். சேலத்துச் சித்திரை வெயில் தெரியும் அல்லவா? காலை ஆறு மணிக்கே கலவை மெஷின் ஓட வேண்டும், உச்சி வெயிலுக்குள் முடித்துவிட வேண்டும். மட்டப்பலகை இழுத்த பக்கத்திலேயே மேல் ஈரம் காய்ந்து, தலைமுடி அளவில் கோடு கோடாக விரிசல் ஓட ஆரம்பிக்கும். தேய்த்து முடித்த பகுதியை உடனே பாலித்தீன் தாளால் மூடுங்கள். மறுநாள் காலை பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள். சாயங்காலம் இடி மழை வந்தால் போர்த்தத் தார்ப்பாயும் தயாராக இருக்கட்டும்.

இதையெல்லாம் விட முக்கியமான ஒன்று. நான் பார்த்தவரை வேலை நிற்பது ஆள் வராததால் அல்ல, வீட்டுக்காரர் முடிவு சொல்லாததால். ஃபேன் எங்கே, லைட் எங்கே என்பது தளம் போடுவதற்கு முன்பே தெரிய வேண்டும், ஏனென்றால் பைப்பும் ஃபேன் பாக்ஸும் கான்கிரீட்டுக்குள் போகின்றன. இந்தியன் கழிப்பறையா வெஸ்டர்னா என்பது பாத்ரூம் தரைக்கு அடியில் விடும் பள்ளத்தில் பைப் ஓட்டும் முன்பே தெரிய வேண்டும். கதவு நிலவுக்கு (வாசல் சட்டத்துக்கு) வேண்டிய மரம் சுவர் வேலை தொடங்கும்போது ஆசாரியிடம் இருக்க வேண்டும். ஆகவே வேலைக்கு ஒரு அட்டவணை போட்டால், பக்கத்திலேயே உங்கள் முடிவுகளுக்கும் தேதி எழுதுங்கள். இரண்டாவது அட்டவணை தவறினால் முதலாவது தானாகத் தவறும்.

தரை டைல்ஸ் ஒட்டி முடியும்வரை கிரகப்பிரவேசப் பத்திரிகை அடிக்காதீர்கள்.

கொண்டலாம்பட்டியிலிருந்து: தளம் போட்டு எத்தனை நாளில் முட்டுப் பிரிக்கலாம்? ஒருவர் ஏழு நாள் என்கிறார், இன்னொருவர் 21 என்கிறார்.

பதில்: இரண்டு பேரும் கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456-இன் ஆளுக்கொரு வரியைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த விதிப்படி, 4.5 மீட்டர் வரை அகலமுள்ள தளத்துக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள். பீமுக்கு 6 மீட்டர் வரை 14 நாள், அதற்கு மேல் 21 நாள். ஆனால் இது சாதாரண ஓ.பி.சி. சிமெண்டுக்கான கணக்கு. இப்போது வீட்டு வேலைக்கு வருவது பெரும்பாலும் சாம்பல் கலந்த பி.பி.சி. மூட்டை. அது ஆரம்பத்தில் மெதுவாகத்தான் பலம் பிடிக்கும். அதனால் சின்ன அறைக்கும் 14 நாள், பீம் இருக்கும் இடத்துக்கு 21 நாள் என்று நான் வைத்துக்கொள்கிறேன். ஈரம் காயாமல் வைப்பதற்கும் அதே விதி ஓ.பி.சி.க்கு குறைந்தது 7 நாள், கலப்பு சிமெண்டுக்கு 10 நாள் கேட்கிறது.

பிரிக்கும் வரிசையும் உண்டு. அறையில் நடுவிலிருந்து சுவரை நோக்கி எடுங்கள். பால்கனியில் வெளி நுனியிலிருந்து சுவரை நோக்கி. மாடியும் சேர்த்துக் கட்டுவதானால் மேல் தளத்தின் பாரம் இந்தத் தளத்தின் மேல்தான் உட்காரும், அதனால் கீழே கொஞ்சம் முட்டாவது நிற்கட்டும். சென்ட்ரிங்காரர் அடுத்த வீட்டுக்குப் பலகை வேண்டும் என்று அவசரப்படுத்துவார். அது அவர் அவசரம். காத்திருக்கும் நாட்களில் சம்ப் (தரைக்கு அடியில் தண்ணீர்த் தொட்டி), செப்டிக் டேங்க் வேலையை முடித்துக்கொள்ளுங்கள்.

சூரமங்கலத்திலிருந்து: நம் ஊரிலேயே ஸ்டீல் பிளான்ட் இருக்கிறதே, கம்பி நேராக அங்கே வாங்கினால் சீக்கிரம் கிடைக்குமா?

பதில்: அங்கே வருவது எவர்சில்வர் தகடு. பாத்திரம் செய்யலாம், பில்லர் கட்ட முடியாது.

ஏற்காட்டிலிருந்து: மேலே சொந்த இடத்தில் சின்ன வீடு. சேலத்துக் கணக்கே எங்களுக்கும் பொருந்துமா?

பதில்: பொருந்தாது. முதலில் அனுமதி. மலைக் கிராமங்களுக்கு ஹாக்கா (மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமம்) அனுமதி வேண்டும். அதற்குத் தனியாகக் காலம் ஒதுக்குங்கள், கட்டும் மாதங்களோடு சேர்க்காதீர்கள்.

அடுத்தது குளிர். முட்டுப் பிரிக்க நான் முன்பு சொன்ன நாட்கள் எல்லாம் வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே இறங்காத இடத்துக்கு. 1,500 மீட்டர் உயரத்தில் மார்கழி இரவு அதற்குக் கீழே போய்விடும். அப்போது தளம் போட்டால் இன்னும் ஒரு வாரமாவது கூடுதலாக விடுங்கள்.

சரக்கு ஏற்றுவதுதான் பெரிய பாடு. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வர வேண்டும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழைக்கு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றது. ஐப்பசி, கார்த்திகைக்கு வேண்டிய ஜல்லி, எம்.சாண்டை முன்னாடியே ஏற்றிவிடுங்கள். சிமெண்டை மட்டும் அப்படிக் குவிக்க வேண்டாம். பனி ஈரத்துக்கு மூட்டைக்குள் கட்டி தட்டும். பலகை மேல், சுவரை விட்டுத் தள்ளி, பத்து மூட்டை உயரத்துக்கு மேல் போகாமல் அடுக்குங்கள். மே மாதம் கோடை விழா நாட்களில் லோடு வண்டியை எதிர்பார்க்காதீர்கள். நவம்பரிலிருந்து காப்பிப் பழம் பறிக்க உள்ளூர் ஆட்கள் போய்விடுவார்கள், சித்தாள் கிடைப்பது கஷ்டம். இதையெல்லாம் கழித்தால் உங்களுக்கு நல்ல காலம் மாசியிலிருந்து சித்திரை வரை. கடைக்கால், சுவர், தளம் மூன்றையும் அதற்குள் அடக்கப் பாருங்கள்.

அயோத்தியாப்பட்டணத்திலிருந்து: லோன் கிடைத்துவிட்டது. ஆடியில் ஆரம்பிக்கலாமா, ஆவணி வரை காத்திருக்கவா?

பதில்: ஆரம்பிக்கலாம். ஆடியில் புது வேலை குறைவு என்பதால் நல்ல கொத்தனார் கிடைப்பார்.

இதற்குத் தாரமங்கலத்துப் பெரியவர் ஒருவர்: "ஆடியில் மண்ணைத் தொடலாம் என்று சொல்கிற இன்ஜினியரை இப்போதுதான் பார்க்கிறேன். உங்கள் வீட்டை ஆடியில் கட்டினீர்களா?"

பதில்: இல்லை ஐயா, தையில். நல்ல நாள் பார்ப்பது அவரவர் வீட்டுப் பெரியவர்கள் பொறுப்பு, நான் குறுக்கே வரவில்லை.

அம்மாப்பேட்டையிலிருந்து ஒருவர்: "பஞ்சாங்கத்தில் ஆடி 11 வாஸ்து நாள் என்றே போட்டிருக்கிறது. ஆனி, புரட்டாசி, மார்கழி, பங்குனியில்தான் வாஸ்து நாள் கிடையாது."

தாரமங்கலத்துப் பெரியவர்: "வாஸ்து நாள் இருந்தால் போதுமா? ஆடியில் குடி போவீர்களா? எங்கள் பக்கம் யாரும் செய்ய மாட்டார்கள்."

பதில்: வாஸ்து வேண்டாம் என்று ஆரம்பத்திலேயே சொன்னேன். இருந்தாலும் இறங்கிவிட்டோம், என் பக்கத்தையும் கேளுங்கள். கொத்தனார் கிடைத்தாலும், எனக்கு ஆடியில் சிக்கல் நாள் அல்ல, சித்தாள். கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை விடுகிறார்கள். அது ஒரு நாள்தான், ஆனால் ஊர் முழுக்க ஒவ்வொரு மாரியம்மன் கோயிலிலும் கூழும் பொங்கலும் நடக்கும்போது எந்தச் சித்தாள் வந்து கல் தூக்குவார்? ஆடி 11-இல் பூஜை போட்டாலும் உண்மையில் வேலை வேகம் பிடிப்பது பண்டிகை முடிந்த பின்னால். அப்போது ஆகஸ்ட் வந்துவிடும். ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை சேலத்தில் நல்ல மழை, உங்கள் கடைக்கால் குழி திறந்து கிடக்கும்.

அதற்காக ஆரம்பிக்காதீர்கள் என்று சொல்லவில்லை. மொத்தக் குழியையும் ஒரே நாளில் ஜே.சி.பி. விட்டுத் தோண்டாதீர்கள். நான்கைந்து குழி தோண்டுங்கள், அடிமட்டம் பார்த்த அன்றே பி.சி.சி. (கம்பி இல்லாத அடிக் கான்கிரீட்) போடுங்கள், அப்புறம் அடுத்த நான்கைந்து. குழியில் தண்ணீர் நின்றுவிட்டால் இறைத்தால் மட்டும் போதாது, ஊறிக் குழைந்த மண்ணையும் வழித்து எடுத்துவிட்டுத்தான் கான்கிரீட் கொட்ட வேண்டும்.

தாரமங்கலத்துப் பெரியவர்: "அதைத்தான் பெரியவர்கள் ஆடி வேண்டாம் என்று சொல்லி வைத்தார்கள்."

அம்மாப்பேட்டைக்காரர்: "அப்படியென்றால் ஆவணியிலும் மழைதானே? ஆவணியை மட்டும் ஏன் விட்டார்கள்?"

பதில்: நீங்கள் இருவரும் தனியாகப் பேசிக்கொள்ளுங்கள். அயோத்தியாப்பட்டணத்துக்காரர் ஒரு பதிலுக்காகக் காத்திருக்கிறார். தம்பி, வீட்டில் ஒத்துக்கொண்டால் ஆடியில் போர்வெல், அனுமதி, தற்காலிக மின் இணைப்பு மூன்றையும் முடியுங்கள். ஆவணியில் கடைக்கால்.

நெத்திமேட்டிலிருந்து: 1,000 சதுர அடி, எத்தனை மாதம் ஆகும்?

பதில்: அஸ்தம்பட்டிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

சீலநாயக்கன்பட்டியிலிருந்து: கீழும் மேலும் சேர்த்து 2,000 சதுர அடி. எத்தனை மாதம்?

பதில்: அதையே படித்துவிட்டு மூன்று மாதம் கூட்டிக்கொள்ளுங்கள்.

கன்னங்குறிச்சியிலிருந்து ஒரு அம்மா: போர்வெல்லை வீடு முடிந்தபின் போட்டால் ஆகாதா? இப்போது லாரித் தண்ணீர் போதும் என்கிறார் வீட்டுக்காரர்.

பதில்: அவரிடம் ஒன்று கேளுங்கள் அம்மா, வீடும் காம்பவுண்டும் வந்தபின் திருச்செங்கோட்டு ரிக் லாரி எந்த வழியாக உள்ளே வரும்? நம் பக்கம் அடியில் பாறை, நூற்றுக்கணக்கான அடி போக வேண்டியிருக்கும். துளை போடும்போது பொங்கி வரும் சேறு புதுச் சுவர் முழுக்கத் தெறிக்கும். அனுமதி வாங்கி முதலில் போர்வெல், அதற்கப்புறம்தான் மற்றது.

ஓமலூரிலிருந்து: வங்கிக் கடனை நம்பித்தான் வேலை. பணம் வரும் தேதிக்கு ஏற்றபடி அட்டவணை போடலாமா?

பதில்: வங்கி முன்பணமாகத் தராது. ஒரு கட்டம் முடிந்து, அவர்கள் ஆள் வந்து பார்த்து, அறிக்கை போன பின்னால்தான் அடுத்த தவணை. அந்த இடைவெளியில் சனிக்கிழமைக் கூலி நிற்காது. ஆகவே ஒரு கட்டத்துக்கான பணம் எப்போதும் கையில் இருக்க வேண்டும். கான்ட்ராக்டருக்கும் மாதக் கணக்கில் தராதீர்கள், பிளின்த், லிண்டல், தளம், பூச்சு என்று கட்டக் கணக்கில் எழுதுங்கள். தீபாவளிக்கு முந்தைய தவணையில் கவனமாக இருங்கள். வடமாநில ஆட்கள் தீபாவளிக்கும் சட் பூஜைக்கும் சேர்த்து ஊருக்குப் போனால் வர வாரக்கணக்கில் ஆகும். பத்திரிகை அடிக்கிற விஷயம் உங்களுக்கும் சேர்த்துத்தான்.

ஆத்தூரிலிருந்து: பிளான் அப்ரூவலுக்கு எவ்வளவு நாள்?

பதில்: 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடம், தரைத்தளமும் ஒரு மாடியும் மட்டும் என்றால் 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே உடனே கிடைக்கும். அதற்கு மேல் போனால் பழைய முறைதான். தாள் கையில் வராமல் கடைக்கால் தோண்டாதீர்கள்.

கருப்பூரிலிருந்து: முட்டு எத்தனை நாள்?

பதில்: கொண்டலாம்பட்டி.

பள்ளப்பட்டியிலிருந்து: பூச்சு முடிந்து மூன்று வாரம் ஆகிறது. பெயிண்டர் நாளைக்கே வருகிறேன் என்கிறார். கிரகப்பிரவேசத்துக்குப் பத்திரிகை அடித்தாகிவிட்டது.

பதில்: அடித்தாகிவிட்டதா, சரி. இன்று ராத்திரி ஒரு சதுர அடி பாலித்தீன் தாளை எடுத்து, வடக்குப் பார்த்த சுவரிலும் பாத்ரூமை ஒட்டிய சுவரிலும் நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டுங்கள். நாளை மத்தியானம் உரித்துப் பாருங்கள். உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் நின்றால், அல்லது மூடிய இடம் மட்டும் கறுத்திருந்தால், பட்டி பார்க்க விடாதீர்கள். உப்பிக்கொண்டு வரும். அந்த அறைகளைத் தள்ளிப் போட்டு, காய்ந்த அறைகளில் பெயிண்டரை இறக்குங்கள். ஹாலும் பூஜை அறையும் முடிந்தால் பால் காய்ச்சிவிடலாம். அதுவரை பாத்ரூம் பள்ளத்தில் தண்ணீர் கட்டி இரண்டு நாள் நிறுத்தி, கீழேயோ பக்கத்துச் சுவரிலோ ஈரம் இறங்குகிறதா என்று பாருங்கள். அங்கே டைல்ஸ் இன்னும் ஒட்டவில்லை என்று நம்புகிறேன்.