மைனஸ் பத்தில் ஸ்காபரோ: வீட்டுக்குள் குளிர்காலம் பற்றிய கேள்வி பதில்

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் அடுக்குமாடிக் கட்டடங்களின் சூடாக்கும் இயந்திரங்களை நெடுங்காலம் பராமரித்தவன் நான். இப்போது எங்கள் பகுதி மூத்தோர் ஒன்றுகூடலுக்கு உதவி செய்கிறேன். குளிர்காலத்தை வீட்டுக்குள்ளும் அயலிலும் எப்படிக் கழிப்பது என்று நீங்கள் கேட்டவற்றுக்குப் பதில்கள் இவை.

மல்வேர்னில் இருந்து ஒரு மகள்: அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. போன வருடம்தான் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்தார். நவம்பர் தொடங்கியதில் இருந்து கட்டிலும் ரீவியும்தான். போர்வைக்கு மேல் போர்வை போட்டும் குளிருது என்கிறார்.

தங்கச்சி, அவர் அசையாமல் இருப்பதுதான் குளிருக்குப் பாதிக் காரணம். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவரின் உடம்பு ஏறக்குறைய 100 வாட் வெப்பம் தரும். எழுந்து நடந்தால் அது இரண்டு மூன்று மடங்காகும். போர்வை வெப்பத்தை உண்டாக்காது, இருப்பதைத்தான் காக்கும். ஆகவே முதலில் அவரை எழுப்பப் பாருங்கள். முருங்கைக்கீரை உருவுவது, உளுந்து அரைப்பது, துணி மடிப்பது என்று மணிக்கொரு தடவை எழுந்து செய்யும் வேலை ஏதாவது கொடுங்கள். "நீங்கள் இருங்கோ அம்மா, நான் செய்யிறன்" என்று அன்பாகச் சொல்லிச் சொல்லியே நாம் பெரியவர்களை முடக்கிவிடுகிறோம். இதை எத்தனையோ வீடுகளில் பார்த்து மனம் நொந்திருக்கிறேன்.

அடுத்தது, வெளியே கூட்டிப் போங்கள். வெளியே என்றால் பனிக்குள் அல்ல. வார நாளில் காலையிலேயே ஸ்காபரோ ரவுன் சென்ரர் கடைத்தொகுதிக்குப் போனால் கூட்டம் குறைவு. வழுக்காத தரையில் இரண்டு சுற்று நடந்து, ஒரு தேநீரும் குடித்துவிட்டு வரலாம். ரொறன்ரோ பொது நூலகத்துக்கு நகரம் முழுக்க 100 கிளைகள் இருக்கின்றன. மல்வேர்ன் கிளையில் தமிழ்ப் புத்தகங்களும் உண்டு. ஒரு நாள் மெனக்கெட்டு அலன் கார்டன்ஸுக்கும் கூட்டிப் போங்கள். 1910இல் கட்டிய கண்ணாடிக் கூடம் அது, உள்ளே போகக் காசு இல்லை. வெளியே பனி கொட்டும், உள்ளே பனை வகைகள் நிற்கும், காற்றில் ஈரமும் சூடும் இருக்கும். ஊரைவிட்டு வந்த ஒருவருக்கு அந்த மண் வாசம் என்ன செய்யும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

பேஸ்மென்ற்றில் வாடகைக்கு இருக்கும் தம்பி: வீட்டுக்காரர் தேர்மோஸ்ற்றற்றை 17இல் பூட்டி வைத்திருக்கிறார். கேட்டால் மேலே சூடாகத்தானே இருக்கிறது என்கிறார்.

மேலே சூடாக இருப்பது உங்களுக்கு உதவாது. வெப்பம் கொடுப்பது வீட்டுக்காரரின் பொறுப்பு என்றால், குளிர்காலத்தில் நீங்கள் இருக்கும் பகுதி குறைந்தது 21 பாகையில் இருக்க வேண்டும். இது ரொறன்ரோ நகரத்தின் விதி. மலிவான வெப்பமானி ஒன்றை வாங்கி, நாளும் நேரமும் போட்டு அளவைக் குறித்து வையுங்கள். எழுத்தில் அவரிடம் கேளுங்கள். அதற்கும் அசையாவிட்டால் நகரத்தின் சேவை இலக்கமான 311ஐ அழையுங்கள்.

அதே நிலையில் இன்னொருவர்: அதுவரைக்கும் சமையலறைக் காஸ் அவனை (oven) பற்றவைத்து, அதன் கதவைத் திறந்து வைக்கலாமா?

கூடாது. காஸ் அவனைச் சூட்டுக்காகத் திறந்து வைத்தால் கார்பன் மொனொக்சைட் சேரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலையிடியும் நித்திரையும் வரும், பிறகு எழும்ப மாட்டீர்கள். கரி அடுப்பும் பார்பிகியூவும் இதைவிட மோசம். எரிபொருள் எரியும் கருவி இருக்கும் வீடுகளில் எச்சரிக்கைக் கருவி கட்டாயம் என்று ஒன்ராறியோவில் 2014இல் இருந்தே சட்டம் இருக்கிறது. உங்கள் பேஸ்மென்ற்றில் அது இருக்கிறதா, வேலை செய்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

மோர்னிங்சைட் பக்கம்: சிறிய ஹீற்றரை நீட்டிப்பு வயரில் போடலாமா?

வேண்டாம். 1500 வாட்டுக்கு அந்த வயர் சூடேறும். நேரே சுவர்ச் செருகியில் போடுங்கள். திரைச்சேலை, கட்டிலில் இருந்து ஒரு மீற்றராவது தள்ளி வையுங்கள்.

அடுக்குமாடியில் ஒரு அக்கா: காலையில் சன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிகிறது. சுவர் மூலையில் கறுப்பாகப் பூஞ்சணம் பிடிக்கிறது.

அக்கா, அந்த ஈரம் வெளியில் இருந்து வருவதில்லை. சோறு அவிப்பது, குளிப்பது, உடுப்பை உள்ளே காயப்போடுவது, இரவு முழுக்க விடும் மூச்சு எல்லாம் சேர்ந்து கண்ணாடியில் படிகிறது. சமைக்கும்போதும் குளிக்கும்போதும் விசிறியைப் போடுங்கள், முடிந்த பிறகும் கால் மணி நேரம் ஓடட்டும். அலுமாரியை வெளிச்சுவரில் ஒட்டி வைக்காதீர்கள். தினமும் ஐந்து நிமிடம் சன்னலைத் திறந்து விடுங்கள்.

ஒரு அண்ணர்: தம்பி, மைனஸ் பத்தில் சன்னலைத் திறக்கச் சொல்கிறீரே! வெளியே இருக்கிற பனி ஈரமும் சேர்ந்து உள்ளே வரும். கட்டுகிற காசெல்லாம் வெளியே போகும்.

அண்ணா, கணக்கைப் பாருங்கள். மைனஸ் பத்தில் ஒரு கன மீற்றர் காற்று முழு ஈரத்தோடு இருந்தாலும் அதில் சுமார் 2 கிராம் தண்ணீர்தான் நிற்கும். 21 பாகையில் அதே அளவு காற்று 18 கிராம் வரைக்கும் தாங்கும். ஆகவே உள்ளே வரும் குளிர்காற்று சூடானதும் மிக உலர்ந்த காற்றாகிறது. அதுதான் ஈரத்தை இழுக்கும்.

காசுக்கு வருவோம். 12க்கு 10 அடி அறையின் காற்று முழுவதையும் மாற்றி மறுபடி சூடாக்கச் சுமார் 0.3 அலகு (யூனிற்) மின்சாரம் போதும். 1500 வாட் ஹீற்றர் பன்னிரண்டு நிமிடம் ஓடுவது அவ்வளவுதான். சுவரும் தளபாடமும் ஐந்து நிமிடத்தில் ஆறிவிடாது. நாள் முழுக்க ஒரு விரற்கடை திறந்து வைப்பதுதான் காசைத் தின்னும்.

அண்ணர் மறுபடியும்: கணக்கு சரி. கைக்குழந்தை இருக்கிற வீட்டில்?

பிள்ளையை அடுத்த அறையில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டுத் திறவுங்கள்.

வேறொருவர்: எங்கள் வீட்டில் நேர்மாறு. தொண்டை வறண்டு, பிள்ளைக்கு மூக்கால் இரத்தம் வருகிறது. நாங்களும் திறக்க வேண்டுமா?

இல்லை. உங்கள் வீட்டில் ஈரம் போதவில்லை. அதனால்தான் முதலில் அளக்க வேண்டும். ஈரப்பதம் காட்டும் சிறு கருவி கடைகளில் கிடைக்கும். 30 முதல் 50 சதவீதம் நல்லது, கடும் குளிரில் 30ஐ ஒட்டி இருந்தால் போதும். ஈரமூட்டி வைத்தால் தினமும் தண்ணீரை மாற்றிக் கழுவுங்கள். இரத்தம் அடிக்கடி வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஏஜின்கோர்ட்: ஹீற்றருக்குப் போடும் நீட்டிப்பு வயர் தடிப்பாக இருந்தால் பரவாயில்லையா?

மேலே பதில் இருக்கிறது. தடித்த வயரும் வேண்டாம்.

இரண்டு பிள்ளைகளின் தாய்: சனி ஞாயிறில் வீட்டுக்குள் ஒரே சண்டை. ரப்லெற்றைக் கொடுத்தால்தான் அமைதி.

கரம் போர்டை எடுத்து நடுவில் போடுங்கள். தாயம், பல்லாங்குழி எதுவும் நல்லது, ஆனால் நீங்களும் உட்கார வேண்டும். ஓடித் திரிய இடம் வேண்டுமென்றால் நகரச் சமூக நிலையங்களின் நீச்சல், பட்மின்ரன் நேரங்களைப் பாருங்கள். நூலக அட்டை இருந்தால் அருங்காட்சியகங்களுக்கு இலவச அனுமதி எடுக்கலாம், ஆனால் சீக்கிரமே முடிந்துவிடும்.

பெயர் போடாதவர்: கொத்தமல்லித் தண்ணியா இஞ்சித் தேத்தண்ணியா? விற்றமின் டி எவ்வளவு எடுக்க வேண்டும்?

பிடித்ததைக் குடியுங்கள். விற்றமின் குடும்ப மருத்துவரிடம் கேட்க வேண்டியது.

மார்க்கம்: தைப்பொங்கலை இந்த முறை கராஜுக்குள் காஸ் அடுப்பில் பொங்கலாம் என்று நினைக்கிறோம். குளிருக்குக் கதவைப் பாதி சாத்தினால் சரிதானே?

சரியில்லை. ஒவ்வொரு தை மாதமும் எனக்குப் பயமாக இருப்பது இதுதான். கராஜில் சேரும் கார்பன் மொனொக்சைட் வீட்டுக்குள்ளும் வரும், பாதிக் கதவு போதாது. சமையலறை அடுப்பில் விசிறியைப் போட்டுப் பொங்குங்கள். சூரியனுக்குப் படைக்க வேண்டுமென்றால் பானையைச் சன்னலோரம் கொண்டுபோய் வையுங்கள்.

தனியே இருக்கும் ஒரு ஐயா: பிள்ளைகள் வேலைக்குப் போய்விடுகிறார்கள். டிசம்பரில் நாலே முக்காலுக்குள் இருட்டிவிடுகிறது. யாரோடு கரம் விளையாடுவது?

ஐயா, உங்கள் கட்டடத்தில் பொது அறை இருக்கும். பல இடங்களில் பூட்டியே கிடக்கிறது. மேலாளரிடம் வாரம் ஒரு பின்னேரம் கேளுங்கள். மின்தூக்கிக்குப் பக்கத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு கடுதாசி ஒட்டுங்கள். தமிழர் மட்டும்தான் வர வேண்டும் என்றில்லை, பிலிப்பினோக்காரருக்கும் குஜராத்திக்காரருக்கும் அதே இருட்டுத்தான். பத்துப் பேர் வந்தால் அவர்களின் உடம்பே அந்த அறைக்கு 1000 வாட் சூடு தரும். முதல் வாரம் இரண்டு பேர்தான் வந்தாலும் அடுத்த வாரமும் அதே நேரத்துக்குத் திறந்து வையுங்கள்.