வேணும்னே இடிச்சானா, தெரியாம பட்டுச்சா? ஃபுட்பால் ஆடுற பையனோட அம்மா கேட்ட கேள்வி

கேள்வி: நாங்க நியூஜெர்சில இருக்கோம். பையன் பத்தாங்கிளாஸ், ஸ்கூல் டீம்ல லைன்பேக்கர் (அமெரிக்கன் ஃபுட்பால்ல எதிராளியைத் தடுத்து விழுத்துற ஆட்டக்காரன்). போன மேட்ச்ல எதிர் டீம் பையன் பந்தைப் பிடிக்கிற நேரத்துல இவன் ஓடிப்போய் இடிச்சதுல அந்தப் பையன் கொஞ்ச நேரம் எந்திரிக்கவே இல்ல. மஞ்சக் கொடி போட்டு 15 யார்டு பெனால்டி குடுத்தாங்க. இந்த சீசன்ல இது ரெண்டாவது தடவை. "வேணும்னேதான் பண்ணான்"னு அந்தப் பையனோட அப்பா என் முகத்துக்கு நேரா சொல்லிட்டுப் போறார். இவன் வீட்டுக்கு வந்து "தெரியாமப் பட்டுச்சும்மா"ன்னு அழுறான். யார் சொல்றதை நம்புறது? ஆட்டத்தை விட்டே நிறுத்திடட்டுமா?

பதில்:

முதல்ல ஒண்ணு. அடிபட்ட பையன் இப்ப எப்படி இருக்கான்னு உங்க பையனையே விசாரிக்கச் சொல்லுங்க, கோச் மூலமா ஒரு மெசேஜ் போனாலும் போதும். யார் பக்கம் நியாயம்ங்கிறதெல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

நான் பல சீசனா ஸ்கூல் ஃபுட்பால்ல கொடி வீசுற ரெஃப்ரி வேலை பாக்குறவன். அதனால உங்களுக்கு உறுதியா சொல்றேன், இந்த மாதிரி இடிக்குக் கொடி போடும்போது வேணும்னே பண்ணானாங்கிறதை நாங்க பாக்குறதே இல்ல, அது எங்க வேலையும் இல்ல. எதை வச்சு இடிச்சான், எங்க பட்டுச்சு, எதிராளி தன்னைக் காப்பாத்திக்கிற நிலைமையில இருந்தானா, விசில் அடிச்சாச்சா, இவ்ளோதான். ஸ்கூல் ரூல்ல 2014லேர்ந்து டார்கெட்டிங்னு ஒரு ஃபவுல் தனியாவே இருக்கு, எதிராளியோட தோளுக்கு மேல குறி வச்சு ஹெல்மெட்டாலயோ கையாலயோ தோளாலயோ போய் மோதுறது. நீங்க சொல்றதைப் பாத்தா அதுவாவோ, பந்தைப் பிடிச்சுட்டு இருக்கிறவனை அனாவசியமா இடிச்சதுக்காகவோதான் கொடி விழுந்திருக்கும். அது மோதலைப் பத்தின தீர்ப்பு, உங்க பையன் மனசைப் பத்தின தீர்ப்பு இல்ல.

பெரிய லெவல்லயும் இதே கதைதான். அமெரிக்காவோட புரொஃபஷனல் லீக்கான என்எஃப்எல் ரூல்புக்ல, பந்தைப் பிடிக்கக் கை ரெண்டையும் தூக்கிட்டு நிக்கிற ரிசீவர் மாதிரி தற்காப்பு இல்லாதவனை இடிக்கிறவன்தான் முழுப் பொறுப்புன்னு எழுதி வச்சிருக்காங்க. அவன் கடைசி நேரத்துல குனிஞ்சான், உடம்பைச் சுருட்டிக்கிட்டான், அதனாலதான் தலையில பட்டுச்சுன்னு சொன்னாலும் ஏத்துக்க மாட்டாங்க. ஃப்ளேக்ரண்ட் ஃபவுல்னு சொல்றோமே, ஆளையே வெளிய அனுப்புற அளவு மோசமானது, அதுக்குக்கூட காயப்படுத்தணும்ங்கிற எண்ணம் இருந்தே ஆகணும்னு இல்லைன்னு அதே ரூல்புக் சொல்லுது. 2008க்கு முன்னாடி என்எஃப்எல்ல ஃபேஸ்மாஸ்க் ஃபவுல்ல (எதிராளி ஹெல்மெட்டோட முன்கம்பியைப் பிடிக்கிறது) ரெண்டு விதம் வச்சிருந்தாங்க, தெரியாம விரல் மாட்டுனா 5 யார்டு, பிடிச்சுத் திருகுனா 15. எது தெரியாம எது தெரிஞ்சுன்னு பிரிக்கப் போய் ஒரே குழப்பம், கடைசில அந்த 5 யார்டையே தூக்கிட்டாங்க. இப்ப பிடிச்சு இழுத்தாலோ திருப்புனாலோ 15, சும்மா கை பட்டு உடனே விட்டுட்டா ஒண்ணும் கிடையாது.

ஆனா நீங்க கேக்குறது ரூலைப் பத்தி இல்ல, பையனைப் பத்தி, அது எனக்குப் புரியுது.

வேணும்னே பண்றதுன்னு ஒண்ணு நிச்சயமா இருக்கு, அது எப்படி இருக்கும்னு பாத்தீங்கன்னா உங்களுக்கே வித்தியாசம் தெரியும். 2006ல என்எஃப்எல் ஆட்டக்காரர் ஆல்பர்ட் ஹேன்ஸ்வொர்த், கீழ விழுந்து ஹெல்மெட் கழண்டு கிடந்த ஆந்த்ரே குரோட் முகத்துலயே ஷூவால மிதிச்சார், 5 மேட்ச் சஸ்பென்ஷன். 2011 தேங்க்ஸ்கிவிங் மேட்ச்ல டாமுக்கன் சூ ஒருத்தரை மிதிச்சதுக்கு 2 மேட்ச். 2019 நவம்பர்ல மைல்ஸ் காரெட், எதிர் டீம் குவார்ட்டர்பேக் (பந்தை எறியுறவர்) மேசன் ருடால்ஃபோட ஹெல்மெட்டைப் பிடுங்கி அதாலயே அவர் தலையில அடிச்சார், அந்த சீசன்ல மிச்சம் இருந்த 6 மேட்சும் போச்சு. மூணுலயும் பாருங்க, அந்த ப்ளே, அதாவது பந்தோட அந்த ஒரு நகர்வு, முடிஞ்சிருச்சு, பந்து அங்க இல்ல, ஆத்திரம் மட்டும்தான் இருக்கு. உங்க பையனோட இடி பந்து வர்ற நேரத்துல பந்து இருக்கிற இடத்துல நடந்திருக்கு, அதனால அதை இந்த வகையில சேக்க முடியாது.

இன்னொரு வகை கெட்டது இருக்கு, அது வெளிய தெரியாது. நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் டீம்ல 2009லேர்ந்து 2011 வரைக்கும், எதிராளியை ஆட்டத்தை விட்டே வெளிய அனுப்புற அளவு இடிச்சா காசுன்னு ஒரு ஏற்பாடு ஓடுனதா லீக் விசாரிச்சு சொல்லுச்சு, ஆள் திரும்ப ஆட முடியாமப் போனா 1,500 டாலர், தூக்கிட்டுப் போற மாதிரி ஆனா 1,000 டாலர். ஹெட் கோச் ஷான் பேட்டன் 2012 சீசன் முழுக்க சஸ்பெண்ட், டீமுக்கு 5 லட்சம் டாலர் அபராதம். ஆட்டக்காரங்க மேல போட்ட சஸ்பென்ஷனை மட்டும் 2012 டிசம்பர் அப்பீல்ல லீக்கோட முன்னாள் கமிஷனர் பால் டேக்லியாபூ ரத்து பண்ணிட்டார். இதை ஏன் சொல்றேன்னா, தப்பான எண்ணத்தோட இடிச்சாலும் ரூல்படி இடிச்சா கொடி விழாது, நல்ல பையன் தெரியாம இடிச்சாலும் தலையில பட்டா கொடி விழும். கொடியை வச்சு எண்ணத்தைக் கண்டுபிடிக்கவே முடியாது.

காயத்தை வச்சும் முடியாது. 2023 ஜனவரி 2 அன்னைக்கு என்எஃப்எல் ஆட்டக்காரர் டமார் ஹாம்லின் மைதானத்துலயே இதயம் நின்னு விழுந்தாரே, அது சாதாரண டாக்கிள்தான் (எதிராளியைப் பிடிச்சு விழுத்துறது), பெனால்டி எதுவும் கிடையாது. 1978 ஆகஸ்ட்ல ஜாக் டேட்டம் இடிச்சு டாரில் ஸ்டிங்க்லிக்கு கழுத்துக்குக் கீழ வாழ்நாள் முழுக்க செயலிழந்து போச்சு, அதுக்கும் அன்னைக்குக் கொடி விழல, அந்தக் காலத்து ரூல்ல அது தப்பே இல்ல. அதனால அந்த அப்பா தன் மகன் கிடந்த கோலத்தைப் பாத்து வேணும்னேன்னு முடிவு பண்ணது மனுஷ சுபாவம், கோபிக்காதீங்க, ஆனா அதை ஆதாரமா எடுத்துக்காதீங்க.

அப்ப உங்க பையன் சொல்ற மாதிரி வெறும் ஆக்சிடென்ட்தானா? அதையும் என்னால ஒத்துக்க முடியல. நான் பாக்குற ஆபத்தான பெனால்டில பெரும்பாலானது இந்த ரெண்டுக்கும் நடுவுல வர்றது. பைக்கை 100ல ஓட்டிட்டுப் போய் ஒருத்தர் மேல மோதுறவன் அவரை மோதணும்னு கிளம்பல, ஆனா 100ல போனது அவன் எடுத்த முடிவு. ஃபுட்பால்லயும் அப்படித்தான், மோதுன அந்த நொடில எந்த முடிவும் நடக்குறது இல்ல. ரெண்டு பேரும் செகண்டுக்கு 8 மீட்டர் வேகத்துல எதிரெதிரா வந்தா, கண்ணு பாத்து உடம்பு மாறுறதுக்கு ஆகுற 0.2 செகண்டுல அவங்களுக்கு நடுவுல இருந்த 3 மீட்டருக்கு மேல காலியாயிடும். அதுக்குள்ள மாத்திக்க யாராலயும் முடியாது. தலையைக் குனிஞ்சு போறதா நிமிந்து போறதா, கட்டிப் பிடிக்கிறதா ஏவுகணை மாதிரி பாயுறதாங்கிறது அதுக்கு முன்னாடியே, மாசக்கணக்கா பழகுன பழக்கத்துல முடிவாகிப் போச்சு.

உங்க பையனோட பொசிஷன்லயே ஒரு உதாரணம் சொல்றேன். 2024 டிசம்பர் 1, ஹூஸ்டன் டெக்ஸன்ஸ் லைன்பேக்கர் அஸீஸ் அல்-ஷயீர், இடி வாங்காம இருக்கத் தரையில சறுக்கி உக்காந்துக்கிட்டு இருந்த குவார்ட்டர்பேக் ட்ரெவர் லாரன்ஸை முன்னங்கையால தலையில அடிச்சார், லாரன்ஸை வண்டியில ஏத்தித்தான் வெளிய கூட்டிட்டுப் போனாங்க. லாரன்ஸ் சறுக்குறதை நான் கடைசி வரைக்கும் கவனிக்கலைன்னு சொல்லி அல்-ஷயீர் மன்னிப்புக் கேட்டார். அது உண்மையா இருக்கலாம், எனக்கு அதுல சந்தேகப்பட ஒண்ணும் இல்ல. ஆனாலும் 3 மேட்ச் சஸ்பென்ஷன், அப்பீல் பண்ணியும் குறைக்கல, காரணம் அவர் திரும்பத் திரும்ப இப்படிப் பண்ணதை லீக் கணக்குல எடுத்துக்கிச்சு. ஒரு தடவைன்னா நேரம் சரியில்லைன்னு விடலாம். ரெண்டாவது தடவையும் அதே மாதிரின்னா டெக்னிக்ல கோளாறுன்னுதான் நான் எடுத்துக்குவேன். உங்க கேள்வில என்னைக் கவலைப்பட வச்ச வரி அந்த "ரெண்டாவது தடவை"தான்.

இதை நீங்களே வீட்ல பாத்துக்கலாம். நிறைய ஸ்கூல் டீம் மேட்ச் வீடியோவை ஹடில்ங்கிற வெப்சைட்ல ஏத்திடுறாங்க, உங்க பையன் லாகின்ல கிடைக்கும், இல்லைன்னா கோச்கிட்ட கேளுங்க. ரெண்டு இடியையும் ஸ்லோ பண்ணி, மோதுறதுக்கு ரெண்டு மூணு ஸ்டெப் முன்னாடிலேர்ந்து பாருங்க, மோதுற இடத்தையே பாத்துட்டு இருந்தா ஒண்ணும் தெரியாது. அவன் கண்ணு எதிராளி மேல இருக்கா தரையில இருக்கா? ஹெல்மெட்டோட உச்சி முன்னாடி வருதா? ரெண்டு கையும் கட்டிப் பிடிக்க விரியுதா, இல்ல உடம்போட ஒட்டிக்கிட்டு தோளை மட்டும் விட்டு எறியுறானா? கால் தரையை விட்டுக் கிளம்புதா? விசிலுக்கு அப்புறம் ஒரு ஸ்டெப்பாவது குறைக்கப் பாத்தானா? கை விரிஞ்சு, தலை நிமிந்து, அப்பவும் தலையில பட்டிருந்தா அது நிஜமாவே ஆக்சிடென்ட். தலை குனிஞ்சு கை ஒட்டியிருந்தா அவன் பொய் சொல்லல, அவனுக்கே தெரியாம உடம்பு தப்பாப் பழகியிருக்கு. பந்து போனதுக்கு அப்புறமும் வேகம் கூடுச்சுன்னா அது வேற பேச்சு, அப்ப உக்காந்து கேளுங்க.

தலை குனிஞ்சு போறதுல முதல் ஆபத்து அவனுக்குத்தான், இதை அவன்கிட்ட அழுத்திச் சொல்லுங்க. 2017 டிசம்பர்ல ஸ்டீலர்ஸ் லைன்பேக்கர் ரையன் ஷேஸியர் டாக்கிள் பண்ணப் போய் தலை குனிஞ்சு மோதுனதுல முதுகுத்தண்டுல அடிபட்டு அதோட ஆட்டமே முடிஞ்சு போச்சு. காயம் இடிச்சவருக்கு. தலையால முதல்ல மோதுறதை ஸ்கூல்லயும் காலேஜ்லயும் 1976ல தடை பண்ணாங்க, அந்த வருஷம் கழுத்தெலும்பு உடைஞ்சு கை கால் செயலிழந்த ஃபுட்பால் பசங்க 34 பேர், 1984ல அது 5 ஆச்சு. யாரும் திடீர்னு நல்லவனா மாறல, டாக்கிள் பண்ற முறை மாறுச்சு, அவ்ளோதான். என்எஃப்எல்ல 2024ல ஹிப் டிராப் டாக்கிளைத் தடை பண்ணதும் இதே காரணத்துக்குத்தான், பின்னாலேர்ந்து பிடிச்சு இடுப்பைத் திருப்பி தன் மொத்த வெயிட்டையும் எதிராளி கால் மேல போடுறப்ப எண்ணம் எதுவா இருந்தாலும் கணுக்கால் போயிடும்.

கோச்சைப் போய்ப் பாருங்க, சண்டைக்கு இல்ல. தோளால டாக்கிள் பண்ற முறையைத் தனியா சொல்லிக் குடுக்க முடியுமான்னு கேளுங்க, அதாவது ரக்பில பண்ற மாதிரி தலையை எதிராளியோட உடம்புக்கு வெளிப்பக்கம் வச்சு, தோளைத் தொடையில குடுத்து, ரெண்டு கையால காலைக் கட்டி விழுத்துறது. அப்ப சியாட்டில் சீஹாக்ஸ் கோச்சா இருந்த பீட் கேரல் 2014லயே இதை வீடியோவா போட்டு ஸ்கூல் கோச்சுங்களுக்கெல்லாம் குடுத்தார், உங்க கோச்சுக்குத் தெரிஞ்சிருக்கும். நியூஜெர்சில 2019லேர்ந்து சீசன் நேரத்துல முழு வேகத்துல மோதுற பிராக்டிஸ் வாரத்துக்கு 15 நிமிஷம்தான், அது நல்ல ரூல், ஆனா அதனாலயே டெக்னிக்கை மெத்தைப் பாய் மேலயும் டம்மி மேலயும் தனியாப் பழகியாகணும். கோச் "அவன் அக்ரெசிவ்வா ஆடுறான், அப்படியே விடுங்க"ன்னு சிரிச்சார்னா, தயங்காம அந்த டீம்லேர்ந்து எடுத்துடுங்க.

அந்த இடிக்கு அப்புறம் உங்க பையனுக்குத் தலைவலி, குமட்டல், வெளிச்சம் கூசுறது, தூக்கம் மாறுறது ஏதாவது இருந்தா ட்ரெய்னர்கிட்ட உடனே சொல்லுங்க, டாக்டர் எழுதிக் குடுக்காம திரும்ப இறக்கக் கூடாது. அழுதுட்டு இருக்கிற பசங்க இதை மறைப்பாங்க.

நிறுத்தணுமான்னா, இப்பவே வேணாம். ரெண்டு வாரம் தோள் டாக்கிள் பழகட்டும், அடுத்த மேட்ச் வீடியோவையும் இதே மாதிரி ஸ்லோ பண்ணி அவனையும் பக்கத்துல உக்கார வச்சுப் பாருங்க. தலை நிமிந்திருந்தா ஆடட்டும். அப்பவும் குனிஞ்சிருந்தா, அவன் எவ்ளோ கெஞ்சினாலும், அது சரியாகுற வரைக்கும் மேட்ச்ல இறக்க வேணாம்னு நீங்களே கோச்கிட்ட சொல்லிடுங்க.