தாத்தாவின் பிக்கப்பில் இருக்கும் ரேடியோ ஒரிஜினலா?

கேள்வி: கோத்தகிரி பக்கத்தில் எங்களுக்குச் சின்ன டீ தோட்டம். எஸ்டேட் ஒன்றிலிருந்து தாத்தா வாங்கிய 1951 ஷெவர்லே பிக்கப் இன்னும் ஷெட்டில், ஓடும் நிலையில் இருக்கிறது. டேஷ்போர்டில் பழைய ரேடியோ உண்டு, பாடாது. டயலில் 55-லிருந்து 160 வரை எண்கள். வண்டியை 12 வோல்ட்டுக்கு மாற்றிப் பல வருடம் ஆகிறது. கீழேயிருந்து வந்த ஒரு புரோக்கர், "இது கம்பெனி ரேடியோ இல்லை. இதனால் வண்டி விலையில் ஒன்றரை லட்சம் குறையும். கழற்றிக் கொடுங்கள், அறுபதாயிரத்துக்கு ஒரிஜினல் வாங்கி மாட்டித் தருகிறேன்" என்கிறார். நம்பலாமா?

பதில்: ரேடியோவைக் கழற்றிக் கொடுக்காதீர்கள். "செக் பண்ணிவிட்டுக் கொண்டுவருகிறேன்" என்றாலும் கொடுக்காதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

புரோக்கர் சொன்னதில் பாதி உண்மை. அதனால்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். 1951 ஷெவர்லே பிக்கப்புக்கு ரேடியோ தொழிற்சாலையிலேயே மாட்டி வரவில்லை. அது கூடுதல் சாமான். வேண்டும் என்றவர்களுக்கு டீலர் தன் ஒர்க்‌ஷாப்பில் மாட்டிக் கொடுத்தார். தொழிற்சாலை செய்தது, டேஷ்போர்டில் அதற்கான இடத்தை விட்டு, மேலே ஒரு மூடி போட்டு அனுப்பியது மட்டும்தான். ஆக, "கம்பெனி ஃபிட்டிங்" என்ற அர்த்தத்தில் அந்த மாடலில் எந்த ரேடியோவும் ஒரிஜினல் கிடையாது. அறுபதாயிரத்துக்கு அவர் கொண்டுவரப் போவதும் கம்பெனி ஃபிட்டிங் ஆகாது! நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அந்த வண்டிக்கென்றே ஷெவர்லே விற்ற செட்டா? வண்டி புதிதாக இருந்த காலத்திலேயே ஏறியதா? இரண்டுக்கும் ஆம் என்றால், விவரம் தெரிந்து வாங்குகிறவர் அதை ஒரிஜினல் என்றுதான் ஏற்பார்.

வண்டி உண்மையிலேயே 1951 தானா என்பதையும் பார்த்துவிடுங்கள். கதவில் முன்பக்கம் சின்ன முக்கோணக் கண்ணாடி இருந்து, வெளிக் கைப்பிடி திருகித் திறக்கும் வகையாக இருந்தால் சரி. 1952-லிருந்து பட்டன் அமுக்கும் கைப்பிடி.

இப்போது டேஷ்போர்டு. ஒரு டார்ச் எடுத்துக்கொண்டு சீட்டில் மல்லாந்து படுத்து, ரேடியோ உட்கார்ந்திருக்கும் ஓட்டையின் விளிம்பைக் கீழேயிருந்து பாருங்கள். அச்சில் அடித்த விளிம்பு வழவழப்பாக, மூலைகள் நான்கும் ஒரே மாதிரி இருக்கும். ரம்பம் போட்டு அறுத்த விளிம்பு பல் பல்லாக இருக்கும், அறுத்த இடத்தில் துருவும் பிடித்திருக்கும். நம் ஊர்ப் பனிக்கும் மழைக்கும் பெயின்ட் போன இரும்பு சும்மா இருக்காது. பிற்காலத்தில் வேறு ரேடியோ மாட்டியவர்கள் பெரும்பாலும் ஓட்டையைப் பெரிதாக்கியிருப்பார்கள். உங்கள் டேஷ்போர்டில் ரம்பம் பட்ட தடம் இல்லையென்றால் அது நல்ல அறிகுறி.

அடுத்தது டயல். 55 முதல் 160 என்றால் 550 முதல் 1600 கிலோசைக்கிள் (இப்போது கிலோஹெர்ட்ஸ் என்கிறோம்), அதாவது மீடியம் வேவ் மட்டும். உள்நாட்டு ஓட்டத்துக்கென்று அமெரிக்காவில் செய்த செட் இப்படித்தான் இருக்கும். இந்தியாவில் விற்க என்றே செய்த செட்டுகளில் ஷார்ட் வேவும் சேர்ந்திருப்பது வழக்கம், ஏனென்றால் இங்கே சிலோன் கேட்காத ரேடியோவை யார் வாங்குவார்கள்? 1951-இல் மீடியம் வேவ் மட்டும் வைத்துக்கொண்டு நீலகிரியில் திருச்சி நிலையத்தையும், அதற்கு முந்தைய வருடம் தொடங்கிய கோழிக்கோட்டையும் இரவில் தேடிப் பிடிக்க வேண்டும். அப்படியும் ஒருவர் இந்தச் செட்டை வைத்திருந்தார் என்றால், அது வண்டியோடு வந்தது என்று நினைக்கத்தான் இடம் இருக்கிறது.

டயலில் இன்னும் ஒன்று பாருங்கள். 64-க்கும் 124-க்கும் நேராகச் சின்னச் சின்ன முக்கோணம் இருக்கிறதா? பனிப்போர்க் காலத்தில் அமெரிக்க அரசு, எதிரி விமானம் வந்தால் மற்ற நிலையங்களை நிறுத்திவிட்டு 640, 1240 என்ற இரண்டு இடங்களில் மட்டும் ஒலிபரப்பத் திட்டம் போட்டது. எதிரி விமானிகள் ரேடியோ அலையைப் பிடித்துக்கொண்டு ஊர் தேடி வரக்கூடாது என்பதற்காக. அதனால் 1953 முதல் 1963 வரை அங்கே செய்த ரேடியோக்களில் இந்த இரண்டு குறியும் இருக்க வேண்டும். குறி இருந்தால் உங்கள் செட் 1951-ஐச் சேர்ந்ததல்ல. இவ்வளவு சுலபமான சோதனையை எந்தப் புரோக்கரும் உங்களுக்குச் சொல்ல மாட்டார்.

பெட்டியில் லேபிளோ முத்திரையோ இருந்தால், 98-இல் தொடங்கும் ஆறு இலக்க எண்ணைத் தேடுங்கள். ஷெவர்லே தன் பெயரில் விற்ற ரேடியோக்களுக்கு அப்படித்தான் எண் போட்டது.

இனி, புரோக்கர் பிடித்துக்கொண்டிருக்கும் 12 வோல்ட் விஷயம். "வண்டி 12 வோல்ட், ரேடியோ 6 வோல்ட், எனவே எங்கிருந்தோ வந்தது" என்றுதான் அவர் வாதம் இருக்கும். ஷெவர்லே பிக்கப்புகள் 1955 மார்ச்சில் புது மாடல் வரும்வரை 6 வோல்ட்டுதான். உங்கள் வண்டி பிறந்ததே 6 வோல்ட்டில்தான். 6 வோல்ட் பாட்டரி கிடைக்காமலும், கோத்தகிரிக் குளிர் காலையில் ஸ்டார்ட்டர் முனகியும் வெறுத்துப்போய் 12-க்கு மாற்றியவர்கள் இந்த மலையில் நிறையப் பேர். ஆகவே ரேடியோ 6 வோல்ட்டாக இருப்பது அதற்குச் சாதகமான சாட்சி.

அப்படி மாற்றும்போது ரேடியோவை விட மனமில்லாதவர்கள் ஒரு வேலை செய்தார்கள். பழைய கறுப்பு ரப்பர்ப் பெட்டி பாட்டரியில் ஆறு அறையையும் இணைக்கும் ஈயப் பட்டைகள் மேலேயே தெரியும். பாடிக்குப் போகும் மைனஸ் பக்கத்திலிருந்து மூன்று அறை எண்ணி, அந்தப் பட்டையில் ஒரு ஸ்க்ரூவை இறக்கி, ஒரு ஒயரை இழுத்து ரேடியோவுக்குக் கொடுத்தால் 6 வோல்ட் கிடைக்கும். பாட்டரிக்கு இது நல்லதல்ல, ஒரு பாதி மட்டும் சீக்கிரம் இறங்கும். ஆனாலும் செய்தார்கள். வேறு சிலர் டேஷ்போர்டுக்குக் கீழே வெள்ளைப் பீங்கான் ரெசிஸ்டர் ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டு வோல்ட்டைக் குறைத்தார்கள். உங்கள் வண்டியில் பாட்டரிப் பெட்டிக்குப் போய் அநாதையாக நிற்கும் பழைய துணி சுற்றிய ஒயரையோ, அந்தப் பீங்கான் துண்டையோ கண்டால் அதைப் பிடுங்கிப் போடாதீர்கள். வண்டி 12 வோல்ட்டுக்கு மாறும்போதே ரேடியோ அங்கே இருந்தது என்பதற்கு அதைவிட நல்ல அத்தாட்சி இல்லை. மூன்றாவது வகையும் உண்டு: ரேடியோ மெக்கானிக்கே செட்டுக்குள் வால்வு என்ற குழாய்களையும், பாட்டரி மின்சாரத்தை உயர் வோல்ட்டாக்க உதவும் வைப்ரேட்டரையும் 12 வோல்ட்டுக்கு மாற்றிவிடுவார். வால்வின் மேல் அச்சடித்த எண் 6 என்று தொடங்கினால் 6 வோல்ட், 12 என்று தொடங்கினால் 12 வோல்ட். 0Z4 என்ற ஒன்று மட்டும் இந்தக் கணக்கில் வராது, அதை விட்டுவிடுங்கள். 12 என்று தொடங்குவதாலேயே செட் போலி ஆகிவிடாது. பெட்டி, டயல், லேபிள் எல்லாம் சரியாக இருந்தால் அது திருத்திய ஒரிஜினல். அதற்குரிய விலை கொஞ்சம் குறையும், ஒன்றரை லட்சம் குறையாது. எப்படியிருந்தாலும் இப்போது 12 வோல்ட்டை நேராகக் கொடுத்துப் பாடுகிறதா என்று சோதிக்க வேண்டாம். எழுபது வருட வால்வு ஒரு நொடியில் போய்விடும்.

புரோக்கர்கள் விஷயத்தை எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் பல முறை பார்த்த கதை இது. "ஒரிஜினல் இல்லை" என்று வீட்டுக்காரரை நம்பவைத்து, செத்த செட்டை இரண்டாயிரத்துக்கோ இனாமாகவோ எடுத்துப் போவார்கள். அதையே துடைத்து வேறொருவருக்கு "ஒரிஜினல்" என்று விற்பார்கள். ஒரு முறை குன்னூரில் ஒருவர் எண்பதாயிரம் கொடுத்து வாங்கிய செட்டை என் மேஜையில் கொண்டுவந்து வைத்தார். முகப்பு அசல், குமிழ்கள் அசல். பின்மூடியின் நான்கு ஸ்க்ரூவைக் கழற்றினேன். உள்ளே பச்சை நிறத்தில் பிரின்ட் போர்டு, அதில் எஃப்.எம். ஐசி. 1951 செட்டுக்குள் பிரின்ட் போர்டே கிடையாது, ஒவ்வொரு ஒயரும் கையால் ஈயம் வைத்தது. அவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார், பாவம். காசு திரும்ப வரவில்லை. அதனால் சொல்கிறேன், பின்மூடியைத் திறந்து காட்டாத எந்த ரேடியோவுக்கும் ஒரு ரூபாய் முன்பணம் கொடுக்காதீர்கள். "போரில் ஓடிய ராணுவ ரேடியோ, உங்கள் வண்டிக்குப் பொருந்தும்" என்று ஆங்கிலமும் ரஷ்ய எழுத்தும் கலந்த பெரிய பெட்டியைக் காட்டுகிறவர்களும் உண்டு. அது பேசுவதற்கான 19-ஆம் நம்பர் வயர்லெஸ் செட். உங்கள் பிக்கப்புக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

ஆதாரத் தாள் ஏதாவது கிடைக்குமா என்று கேட்பீர்கள். ஆர்.சி. புக்கில் ரேடியோ பற்றி ஒரு வரியும் இருக்காது. இந்தியாவில் பாகங்களை இணைத்து ஷெவர்லே வண்டிகளை உருவாக்கிய பம்பாய் சிவ்ரி தொழிற்சாலை 1954-இலேயே மூடியாயிற்று. 2021-இல் வந்த பழைய வாகனப் பதிவு விதிகள் புதுப் பதிவுக்கு இருபதாயிரம் ரூபாய் கட்டணம் கேட்கின்றன. சேசிஸ், பாடி, இன்ஜின் மாறக்கூடாது என்கின்றன. வண்டிக்குள் இருக்கும் சாமானுக்கு எது அசல் என்று சொல்ல ஓர் அலுவலகமும் கிடையாது. அந்த வெற்றிடத்தில்தான் புரோக்கர் வந்து உட்கார்ந்துகொள்கிறார். 1980-களின் நடுப்பகுதி வரை ரேடியோ வைத்திருந்தவர்களிடம் தபால் நிலையத்தில் லைசென்ஸ் கட்டணம் வாங்கினார்களே, அந்தப் பதிவாவது இருக்குமா என்று ஒரு தபால் நிலையத்தில் போய்க் கேட்டேன். அப்படி ஒன்று இருந்ததே கவுன்டரில் இருந்தவருக்குத் தெரியவில்லை. அத்தனை வருடம் காசு வாங்கியவர்கள் ஒரு பதிவேட்டையாவது பத்திரமாக வைத்திருக்கலாம். உங்கள் தாத்தாவின் பெட்டியில் சின்ன லைசென்ஸ் புத்தகம் கிடக்கிறதா பாருங்கள். செட்டின் பெயரும் எண்ணும் அதில் எழுதியிருந்தால் உங்கள் கையில் பலமான ஆதாரம் இருக்கிறது. வண்டியை விற்ற எஸ்டேட்டின் ஆபீஸில் பழைய பில் ஃபைல் இருந்தால் அங்கேயும் கேளுங்கள், கிளார்க்குகள் மனம் வைத்தால் தேடித் தருவார்கள்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் ரேடியோ காலத்துக்குச் சரியாகத்தான் தெரிகிறது. பாக்கிச் சோதனைகளில் முக்கோணக் குறியை முதலில் பாருங்கள். அதைப் பார்க்கும் அவசரத்தில் டயல் கண்ணாடியை ஈரத் துணியால் துடைத்துவிடாதீர்கள். எண்கள் கண்ணாடியின் பின்பக்கம் பெயின்ட்டில் இருந்தால் பூஞ்சையோடு சேர்ந்து உரிந்து வந்துவிடும். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள், குறி இருந்தால் அப்படியே தெரியும்.