412 நாள் விடாமல் படித்தும் பேச வரவில்லையே?

கேள்வி: தனியார் மருத்துவமனை ஒன்றில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். ஜெர்மனிக்கு வேலைக்குப் போகும் எண்ணத்தில் செல்போன் செயலி ஒன்றில் ஜெர்மன் படித்து வருகிறேன். ஒருநாள்கூட விட்டதில்லை, 412 நாள் ஸ்ட்ரீக் (விடாமல் வந்த நாட்களின் எண்ணிக்கை, ஒருநாள் விட்டால் அறுந்துவிடும்) இருக்கிறது. போன மாதம் வகுப்பில் சேர்ந்தேன். முதல் நாளே ஆசிரியை, நேற்று என்ன செய்தீர்கள் என்று ஜெர்மனில் கேட்டார். கேள்வி நன்றாகப் புரிந்தது, பதில் ஒரு வார்த்தைகூட வாயில் வரவில்லை. இத்தனை நாளும் வீண்தானா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: வீண் இல்லை, சகோதரி. கேள்வி புரிந்தது என்கிறீர்களே, அது அந்த 412 நாளில் வந்த புரிதல்தான். ஆனால் அந்த எண் எதைக் கணக்கு வைக்கிறது என்று பாருங்கள். நீங்கள் செயலிக்கு வந்த நாட்களைத்தான். வாய் திறந்து பேசிய வாக்கியங்களை அது எண்ணவே இல்லை.

ஸ்ட்ரீக் ஏன் இப்படிப் பிடித்து வைக்கிறது தெரியுமா? நூறு ரூபாய் கிடைத்த சந்தோஷத்தைவிட அதே நூறு ரூபாய் தொலைந்த வருத்தம் பெரியது. டேனியல் கானெமன், ஏமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் மையமான கருத்தே இதுதான். முதல் வாரம் புதிதாக ஏதாவது தெரிந்துகொள்ளலாம் என்று திறக்கிறோம், நூறு நாளைத் தாண்டிய பிறகு சேர்த்துவைத்தது போய்விடக் கூடாதே என்று திறக்கிறோம். நைட் டியூட்டியில் பதினொன்றே முக்காலுக்கு, ஏற்கெனவே மனப்பாடமான பாடத்தை அவசரமாக ஒரு தரம் தட்டிவிட்டுப் போனைப் பைக்குள் போட்டிருப்பீர்கள். எண் தப்பித்தது, தலையில் புதிதாக ஒன்றும் ஏறவில்லை. லீக் போட்டியும் இதே கதைதான். டூயோலிங்கோ என்ற மொழி கற்கும் செயலியில் வெண்கலத்தில் தொடங்கி வைரம் வரை பத்துப் படிகள் வைத்திருந்தார்கள், வாரா வாரம் முகம் தெரியாதவர்களோடு புள்ளிக்குப் போட்டி. வாரம் முடியப் போகிற நேரத்தில் கஷ்டமான பாடத்தை யார் எடுப்பார்கள்?

இதைக் கெட்ட எண்ணத்தோடு செய்ததாக நான் சொல்ல மாட்டேன். குவாத்தமாலாவில் பிறந்து அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் பேராசிரியராக இருந்த லூயிஸ் வான் ஆன், தன் மாணவர் செவரின் ஹேக்கரோடு சேர்ந்து தொடங்கிய டூயோலிங்கோ 2012-இல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. படிக்கிறவர்கள் பயிற்சியாகச் செய்யும் மொழிபெயர்ப்பை விற்றுச் செலவைச் சமாளிப்பதுதான் ஆரம்பத் திட்டம். பிறகு அதைக் கைவிட்டு விளம்பரத்துக்கும் சந்தாவுக்கும் மாறினார்கள். அப்படிப்பட்ட நிறுவனத்துக்கு நீங்கள் தினமும் வருவதுதான் உயிர். வராதவருக்கு மொழியும் வராது என்பதும் உண்மைதானே, அதனால் உங்களை வரவழைக்கும் வேலையைச் செயலியிடமே விட்டுவிடுங்கள்.

பேச்சு எங்கே நின்றது என்பதற்கு வருகிறேன். "நான் நேற்று மருத்துவமனைக்குப் போனேன்" என்று திரையில் வருகிறது. கீழே சின்னச் சின்னக் கட்டங்களில் இஷ், பின், கெஸ்டெர்ன், இன்ஸ், க்ராங்கென்ஹவுஸ், கெகாங்கென் என்று வார்த்தைகள் கிடக்கின்றன, நீங்கள் வரிசையாகத் தட்டுகிறீர்கள், மணி அடிக்கிறது, பச்சை நிறம் வருகிறது. ஜெர்மனில் "செய்தேன்" என்றால் துணைச்சொல்லாக "ஹாபே" போட வேண்டும், "போனேன்" என்றால் "பின்" போட வேண்டும். எது வரும் என்று முடிவெடுப்பதுதான் அந்த வாக்கியத்தின் கஷ்டமே, அந்த முடிவை உங்களுக்காகக் கட்டம் எடுத்துவிட்டது, ஏனென்றால் அங்கே "பின்" மட்டும்தான் இருக்கிறது! ஒருவரைத் தெருவில் பார்த்தால் முகம் தெரியும், பேர் மட்டும் வாயில் வராதே, அதே நிலைமைதான் வகுப்பில் உங்களுக்கு வந்தது.

இன்றிலிருந்து கட்டங்களை உள்ளங்கையால் மறைத்துக்கொள்ளுங்கள். வாக்கியத்தை முதலில் சத்தமாகச் சொல்லிவிட்டு அப்புறம் கையை எடுங்கள். கட்டத்துக்குப் பதிலாகத் தட்டச்சு செய்யும் வசதி இருந்தால் அதற்கு மாறிவிடுங்கள், தப்பு கூடும், கூடட்டும். டியூட்டி முடிந்ததும் அன்றைக்கு வார்டில் செய்ததை ஒரே ஒரு நிமிடம் ஜெர்மனில் போனில் பதிவு செய்யுங்கள்: ஊசி போட்டேன், ரத்த அழுத்தம் பார்த்தேன், ஒரு பாட்டியை நடக்க வைத்தேன். எண்ண வேண்டுமானால் இந்த வாக்கியங்களை நோட்டில் எண்ணுங்கள். கோதே நிறுவனம் நடத்தும் பி1 என்ற நடுத்தர நிலை ஜெர்மன் தேர்வில் நான்கு பகுதி, ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 60 எடுக்க வேண்டும். பேச்சுப் பகுதியில் எதிரே இருப்பவரோடு சேர்ந்து ஒன்றைத் திட்டமிட வேண்டும், ஒரு தலைப்பைப் பற்றி விளக்கிப் பேச வேண்டும். அந்த மேஜையில் கட்டம் எதுவும் இருக்காது. இடையில் ஸ்ட்ரீக் அறுந்தால் அறுந்துவிட்டுப் போகட்டும், படித்த சொற்கள் அதோடு சேர்ந்து அழிவதில்லை.

கேள்வி: டொரொன்டோவில் இருக்கிறோம். ஒன்பது வயது மகன் நட்சத்திரம் கிடைக்கிற வரை செயலியில் தமிழ் படிக்கிறான். நட்சத்திரம் இல்லையென்றால் தொடவே மாட்டேன் என்கிறான். என்ன செய்வது?
– வாசகர், டொரொன்டோ

பதில்: 1973-இல் வெளியான ஒரு ஆய்வு இருக்கிறது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில், படம் வரைய ஏற்கெனவே ஆசைப்படுகிற குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு மட்டும் "வரைந்தால் சான்றிதழ்" என்று முன்கூட்டியே சொல்லி வரையச் சொன்னார்கள். சில நாள் கழித்து சும்மா விட்டுப் பார்த்தபோது அந்தக் குழந்தைகளுக்கு வரைவதில் ஆர்வம் குறைந்திருந்தது. எதிர்பாராமல் அதே சான்றிதழைப் பெற்ற குழந்தைகளுக்கு அப்படி ஆகவில்லை. ஆகவே பரிசை நிறுத்த வேண்டாம், முன்கூட்டியே பேரம் பேசுவதை மட்டும் நிறுத்துங்கள். ஊரில் அம்மாச்சி இருந்தால் வாரம் ஒருமுறை வீடியோ காலில் அவன் மட்டும் தனியாகப் பேசட்டும், நீங்கள் பக்கத்தில் நின்று திருத்தாதீர்கள். ஒரு வார்த்தை தமிழில் சொன்னதும் அம்மாச்சி முகம் மலருமே, அதற்காக அடுத்த வாரம் இன்னும் இரண்டு வார்த்தை தேடிக்கொண்டு வருவான்.

கேள்வி: திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வேலை செய்யும் ஒடியா, இந்தி பேசுகிற தொழிலாளர்கள் தமிழ் கற்க நண்பர்கள் சேர்ந்து ஒரு செயலி செய்கிறோம். ஸ்ட்ரீக், லீக் எல்லாம் வைக்கலாமா?
– பொறியியல் மாணவர், கோவை

பதில்: நல்ல காரியம், மனதாரப் பாராட்டுகிறேன். லீக் வேண்டாம். ஸ்ட்ரீக் வைத்தால் வாரக் கணக்கில் வையுங்கள், வாரத்துக்கு நான்கு நாள் வந்தாலே போதும் என்று. ஒன்றரை ஷிஃப்ட் முடித்து வருகிறவரிடம் "இன்றைக்கு வரவில்லையே" என்று ராத்திரி பத்தரைக்கு நோட்டிஃபிகேஷன் போனால் அவர் செயலியையே தூக்கிவிடுவார், டீ பிரேக்கில் அனுப்புங்கள். பதிவு, ஓடிபி எல்லாம் முதல் பாடம் முடிந்த பிறகு கேளுங்கள். தப்பு செய்தால் பாடத்தைப் பூட்டுவது வேண்டவே வேண்டாம், தப்பு செய்யத்தானே வருகிறார்கள்.

முக்கியமாகச் செலவழிக்க வேண்டிய உழைப்பு, ஒரு சொல்லைத் திரும்ப எப்போது கேட்பது என்பதில்தான். படித்தது எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் தன்னையே சோதித்து 1885-இல் எழுதிவைத்தார். மறக்கப் போகிற சமயத்தில் கேட்டால்தான் மனதில் நிற்கும், சரியாகச் சொல்லச் சொல்ல இடைவெளியை நீட்டிக்கொண்டே போகலாம். இதைச் சரியாகச் செய்துவிட்டால் பயனாளிக்கே "அட, ஞாபகம் இருக்கே" என்று தோன்றும், பதக்கத்தைவிட அது பலமாக இழுக்கும்.

தமிழும் பேச்சுத் தமிழாக இருக்கட்டும். "இப்பேருந்து எங்கே செல்கிறது" சொல்லிக் கொடுத்தால் பஸ் ஸ்டாண்டில் பயன்படாது. "அண்ணே, இது அவிநாசி போகுமா?", "நூல் அறுந்துருச்சு", "சம்பளம் எப்போ போடுவீங்க?" இவைதான் முதல் வாரப் பாடம். பத்துப் பேரிடம் கொடுத்துவிட்டு, மூன்று வாரம் கழித்து கம்பெனி வாசல் டீக்கடையில் போய் நில்லுங்கள். எத்தனை பேர் தமிழில் டீ சொல்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்து எனக்கும் எழுதுங்கள்.