அம்மாவின் காய்ச்சலுக்கு மிச்ச அமொக்சிசிலின் வேண்டாம்

தங்கச்சி, முள்ளியவளையில் இருக்கிற அம்மாவுக்கு மூன்று நாளாய்க் காய்ச்சலும் இருமலும், சீனி வருத்தமும் இருக்கு, வீட்டில் மிச்சமான அமொக்சிசிலினைக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொடுக்க வேண்டாம். அது பக்டீரியாவுக்கான குளிசை; இது இன்ஃபுளுவென்சாவாய் (ஃபுளூ) இருக்கலாம், அது வைரஸால் வருவது, அந்தக் குளிசை அதைத் தொடாது.

இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். சீனி வருத்தக்காரருக்கு இது நெஞ்சுச் சளியாய், நியூமோனியாவாய் இறங்கக்கூடும். இன்ஃபுளுவென்சாவுக்கான ஒசெல்டாமிவிர் என்ற மருந்து முதல் 48 மணி நேரத்தில்தான் நன்றாய் வேலை செய்யும், பிந்தினாலும் இப்படிப்பட்டவர்களுக்கு டொக்டர் கொடுப்பதுண்டு. மழைக்காலம் வேறு, டெங்குவும் எலிக்காய்ச்சலும் இப்படித்தான் தொடங்கும், அதனால் இரத்தம் சோதிக்கச் சொல்லுங்கள், அம்மா வயலுக்குள் இறங்கியிருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். அதுவரை பனடோல் மட்டும், 6 மணித்தியாலத்துக்கு ஒருக்கால் இரண்டு, நாளுக்கு 8க்கு மேல் கூடாது. ஐபுபுரோஃபென், அஸ்பிரின் நீங்களாய்க் கொடுக்காதீர்கள். கஞ்சி, மல்லித் தண்ணீர் அடிக்கடி கொடுங்கள்.

என் அப்பா படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று கதிரையில் இருந்தபடியே விடிய விடிய நித்திரை கொண்டார், நாங்கள் களைப்பு என்று நினைத்து ஒரு நாளை வீணாக்கிவிட்டோம். அம்மாவுக்கு மூச்சு வாங்கினால், பேச்சுத் தடுமாறினால், சலம் போவது குறைந்தால் இரவென்றும் பார்க்காதீர்கள்.

பிள்ளைகளை அம்மாவோடு படுக்க விடாதீர்கள், நீங்களும் மாஸ்க் போடுங்கள். சுகமானபின் இன்ஃபுளுவென்சாவுக்கான வருடாந்தத் தடுப்பூசி பற்றியும் கேளுங்கள்.