பழைய புல்லட்டுக்கு இண்டிகேட்டர் வயரிங்: கேள்வி பதில்

தொழிற்சாலையிலேயே இண்டிகேட்டர் இல்லாமல் வந்த பழைய வண்டிகளுக்கு அதைப் பொருத்துவது குறித்து நண்பர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். முப்பது ஆண்டுகளாக மோட்டார் சைக்கிள் வயரிங் வேலை செய்து வருகிறேன். மின்சாரம் சார்ந்த கேள்விகளுக்கு மட்டுமே பதில் உண்டு.

திருச்சி அன்பர்: என்னிடம் 1968ஆம் ஆண்டு புல்லட் 350 இருக்கிறது. 6 வோல்ட் வண்டி, இண்டிகேட்டர் கிடையாது. வேலையை எங்கிருந்து தொடங்க வேண்டும்?

பேட்டரியின் இணைப்பைக் கழற்றுவதிலிருந்து தொடங்குங்கள். அடுத்து, வண்டியில் இருக்கும் பழைய வயரிங்கில் எந்த இடத்திலும் கத்தி வைப்பதில்லை என்று முடிவு செய்துகொள்ளுங்கள். இண்டிகேட்டருக்கு முற்றிலும் தனியாக ஒரு வயர்க் கட்டு தயாரிக்க வேண்டும். அது இக்னிஷன் சுவிட்சின் வெளிவாயிலிருந்து மின்சாரத்தை எடுத்து, 10 ஆம்பியர் ஃப்யூஸ் வழியாக, விளக்கைச் சிமிட்ட வைக்கும் ஃப்ளாஷருக்கும், அங்கிருந்து ஹேண்டில் பாரில் உள்ள சுவிட்சுக்கும், பிறகு இடம் வலமாகப் பிரிந்து நான்கு விளக்குகளுக்கும் செல்ல வேண்டும்.

வயரின் தடிமனைப் பெரும்பாலோர் பொருட்படுத்துவதில்லை. 6 வோல்ட் வண்டியில் எல்லாமே அதில்தான் இருக்கிறது. ஒரு பக்கத்தில் 21 வாட் பல்புகள் இரண்டு, ஆக 42 வாட். அதை 6 வோல்ட்டால் வகுத்தால் 7 ஆம்பியர். கடையில் சாதாரணமாகத் தரும் அரை சதுர மில்லிமீட்டர் வயரில் போக வர இருக்கும் தூரத்தைக் கணக்கிட்டால், பின் பல்பை எட்டுவதற்குள் ஏறக்குறைய முக்கால் வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். பல்பின் வெளிச்சம் வோல்ட்டேஜோடு நேர் விகிதத்தில் குறைவதில்லை, அதைவிட மிக வேகமாகக் குறையும் என்பதால், இந்த முக்கால் வோல்ட் இழப்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான வெளிச்சம் போய்விடும். அதே வயர் 12 வோல்ட் வண்டியில் இருந்தால் இழப்பு பத்தில் ஒரு பங்கு அளவில் நின்றுவிடும். எனவே ஃப்ளாஷர் வரையிலும் சுவிட்ச் வரையிலும் ஒன்றரை சதுர மில்லிமீட்டர் வயரும், விளக்குகளுக்குக் குறைந்தது ஒரு சதுர மில்லிமீட்டர் வயரும் போடுங்கள்.

எர்த் வயரை, அதாவது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வயரைப் பற்றி இந்தப் பகுதியில் பலமுறை சொல்லப் போகிறேன். ஒவ்வொரு விளக்கிலிருந்தும் தனி எர்த் வயர் பேட்டரி வரை திரும்பி வர வேண்டும். பாடியே எர்த்தாக இருக்கிறதே என்று விட்டுவிட்டால், முன் விளக்கின் மின்சாரம் ஹேண்டிலிலிருந்து ஃபிரேமுக்கு வர ஸ்டியரிங் பேரிங்கின் குண்டுகளையும் அவற்றைச் சுற்றியுள்ள கிரீஸையும் கடக்க வேண்டும். பின் விளக்குக்கோ, மட்கார்டின் புதுப் பெயின்ட்டும் துருப்பிடித்த போல்ட்டும்தான் பாதை.

வயர்க் கட்டு ஹேண்டிலைத் தாண்டும் இடத்தில், இரண்டு பக்கமும் முழுவதுமாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, இழுபடாத அளவுக்குத் தளர்வு விட்டுக் கட்டுங்கள்.

சேலம் அன்பர்: ஹெட்லைட்டுக்கு மேலே இருக்கும் இரண்டு டைகர் விளக்குகளையே முன் இண்டிகேட்டராக மாற்றிவிடலாமா?

வேண்டாம். அவை சில வாட் மட்டுமே உள்ள வெள்ளை விளக்குகள். ஒன்றுக்கொன்று மிக நெருக்கமாக இருப்பதால் எதிரே வருபவருக்கு எந்தப் பக்கம் சிமிட்டுகிறது என்றே தெரியாது.

வேலூர் அன்பர்: ஜாவா 250 வைத்திருக்கிறேன். இண்டிகேட்டர் போட்ட பிறகு இரவில் ஓட்டினால் பேட்டரி இறங்கிவிடுகிறது.

உங்கள் வண்டியின் டைனமோ 6 வோல்ட், 45 வாட். ஹெட்லைட் 35 வாட், டெயில் விளக்கு 5 வாட், அதற்கு மேல் இக்னிஷன் காயில். இண்டிகேட்டர் போடுவதற்கு முன்பே வரவும் செலவும் ஏறக்குறைய சமமாகிவிட்டன. பாதி நேரம் அணைந்திருக்கும் என்று கணக்கிட்டாலும் 42 வாட் இண்டிகேட்டர் சராசரியாக 21 வாட் எடுக்கும். அது முழுவதும் பேட்டரியிலிருந்துதான் போகிறது. திரும்பி முடித்தவுடன் சுவிட்சை அணைக்கும் பழக்கம் இருந்தால் இது தாங்கும். சிக்னலில் நிற்கும்போது டைனமோ மெதுவாகச் சுற்றி எதுவும் தராது என்பதையும் நினைவில் வையுங்கள். 10 வாட் பல்புகளுக்கு மாறினால் செலவு பாதியாகும். ஆனால் பகல் வெயிலில் அவை தெரியாது. நான் 21 வாட்டையே வைத்துக்கொண்டு பேட்டரியை நல்ல நிலையில் வைத்திருப்பேன்.

கோவை அன்பர்: 12 வோல்ட் எல்இடி இண்டிகேட்டரை 6 வோல்ட் புல்லட்டில் போட்டேன். மினுக்கு மினுக்கென்று மங்கலாக எரிகிறது. பல்பு கெட்டதா?

பல்பு கெடவில்லை. மஞ்சள் எல்இடி ஒன்று எரிய ஏறக்குறைய 2 வோல்ட் வேண்டும். 12 வோல்ட் விளக்குகளில் மூன்றைத் தொடராக இணைத்து ஒரு ரெசிஸ்டரையும் சேர்த்திருப்பார்கள். உங்கள் 6 வோல்ட் அந்த மூன்றுக்கே சரியாகப் போய்விடுகிறது. 6 வோல்ட் என்று குறிப்பிட்டு விற்கும் எல்இடியை வாங்குங்கள். எல்இடிக்கு ஏற்ற எலெக்ட்ரானிக் ஃப்ளாஷரையும் சேர்த்து வாங்குங்கள். பழைய சூடேறும் வகை ஃப்ளாஷர், தன் வழியே போதிய மின்சாரம் ஓடினால்தான் சூடாகித் துண்டிக்கும்.

தஞ்சை அன்பர்: எல்இடிக்கு மாறியதும், எந்தப் பக்கம் போட்டாலும் நான்கு விளக்குகளும் சேர்ந்து சிமிட்டுகின்றன. மெக்கானிக் ஷார்ட் என்கிறார்.

இது அருமையான கேள்வி. ஷார்ட் எதுவும் இல்லை. உங்கள் ஹெட்லைட் கூட்டில் இண்டிகேட்டர் எரிவதை ஓட்டுபவருக்குக் காட்ட ஒரே ஒரு பைலட் விளக்குதான் இருக்கும். அதன் ஒரு கால் இடப்பக்க வயரிலும் மறு கால் வலப்பக்க வயரிலும் இணைந்திருக்கும். எர்த்தில் எதுவும் இருக்காது. இடப்பக்கம் போட்டால் மின்சாரம் பைலட் வழியாக வலப்பக்க பல்புகளுக்குள் புகுந்து எர்த்தை அடையும். அங்கே இருப்பவை 21 வாட் இழை பல்புகள் என்றால், பைலட்டுக்குள் வரும் அந்தச் சிறு மின்சாரத்தில் அவை எரியாது. வெறும் எர்த் வயராகவே நடந்துகொள்ளும். எல்இடிக்கோ அந்தச் சிறு மின்சாரமே எரியப் போதுமானது. அதனால்தான் எதிர்ப்பக்கமும் சிமிட்டுகிறது.

தீர்வுக்கு, மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் 1என்4007 டையோடு இரண்டு போதும். பைலட்டின் ஒரு காலை எர்த்தில் இணையுங்கள். இடப்பக்க வயரிலிருந்து ஒரு டையோடு, வலப்பக்க வயரிலிருந்து ஒரு டையோடு, இரண்டின் கோடு போட்ட முனைகளும் ஒன்றுசேர்ந்து பைலட்டின் மறு காலுக்கு வர வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் முனை ஃபிரேமில் இணைந்திருக்கும் நெகட்டிவ் எர்த் வண்டிக்கு இது சரி. ஈயம் வைத்துப் பற்றி, ஸ்லீவ் போட்டு, கூட்டுக்குள் ஆடாமல் கட்டிவிடுங்கள்.

மதுரை அன்பர்: ஐயா, மன்னிக்க வேண்டும். இண்டிகேட்டர் இல்லாமல் வந்த வண்டிக்கு அதைப் பொருத்துவதே அந்த வண்டிக்குச் செய்யும் அவமரியாதை. எங்கள் தந்தையார் நாற்பது ஆண்டுகள் கை காட்டியே ஓட்டினார்.

உங்கள் தந்தையார் ஓட்டிய சாலை வேறு, இன்றைய சாலை வேறு. நம் நாட்டு விதிப்படி வலம் திரும்பவும் வலது கையைத்தான் நீட்ட வேண்டும். இடம் திரும்பவும் வலது கையைத்தான் நீட்டி, இடஞ்சுழியாகச் சுழற்ற வேண்டும். ஆக்சிலரேட்டரும் முன் பிரேக்கும் அந்த வலது கையில்தான் இருக்கின்றன. பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பின் பிரேக் இடது காலில். ஒரு நாற்சந்தியில் வேகத்தைக் குறைத்து, கியரை இறக்கி, திரும்பப் போகும் அந்த நொடியில் வலது கை காற்றில் இருந்தால், முன் பிரேக் உங்களிடம் இல்லை. இரவிலும் மழையிலும் பின்னால் வரும் பேருந்து ஓட்டுநருக்கு உங்கள் கை தெரியவே தெரியாது.

மதுரை அன்பர் மீண்டும்: கண்காட்சியில் நடுவர்கள் மதிப்பெண் குறைப்பார்களே? அசல் மட்கார்டில் துளை போட்டால் அது என்றைக்கும் துளைதானே?

துளையைப் பற்றி நீங்கள் சொல்வதை முழு மனதோடு ஏற்கிறேன். அசல் மட்கார்டில் துளை போடக் கூடாது. பின் விளக்குகளை நம்பர் பிளேட் தாங்கியிலோ, ஷாக் அப்சார்பரின் மேல் போல்ட்டிலோ தகட்டுக் கிளாம்ப் வைத்து நிறுத்தலாம். முன் விளக்குகளை ஃபோர்க் குழாயில் ரப்பர் வைத்த கிளாம்பில் பிடிக்கலாம். நான் சொன்ன தனி வயர்க் கட்டின் பயன் இங்கேதான் தெரியும். ஒரு சாக்கெட்டைப் பிரித்து, நான்கு கிளாம்ப்களைக் கழற்றினால் வண்டி தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கும்.

ஈரோடு அன்பர்: மதுரை நண்பர் சொல்வதே சரி. பழைய வண்டி, அதை ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்டினால் போதும்.

ஞாயிற்றுக்கிழமையும் பின்னால் லாரி வருகிறது. மட்கார்டை வெட்டுபவரோடு நானும் உங்கள் பக்கம் நின்று சண்டையிடுவேன். ஆனால் மட்கார்டைக் காப்பாற்ற ஓட்டுபவரைப் பணயம் வைப்பதை ஏற்க மாட்டேன். இந்த விவாதத்தில் என் பதில் இவ்வளவுதான். மற்ற கேள்விகள் காத்திருக்கின்றன.

உதகை அன்பர்: பழைய பிஎஸ்ஏ வண்டி. பேட்டரியின் பாசிட்டிவ் முனை ஃபிரேமில் போல்ட் செய்யப்பட்டிருக்கிறது. யாரோ மாற்றிப் போட்டுவிட்டார்களா?

மாற்றிப் போடவில்லை, அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் வண்டிகள் பல பாசிட்டிவ் எர்த் கொண்டவை. இழை பல்புக்கும் சூடேறும் வகை ஃப்ளாஷருக்கும் இதில் வித்தியாசம் இல்லை. எலெக்ட்ரானிக் ஃப்ளாஷரும் எல்இடியும் திசை பார்க்கும். தவறாக இணைத்தால் ஃப்ளாஷர் அப்போதே போய்விடும். டையோடு போட்டால் அதையும் திருப்பிப் போட வேண்டும். பிரிட்டிஷ் வயரிங்கில் பச்சையில் சிவப்புக் கோடு இடப்பக்கம், பச்சையில் வெள்ளைக் கோடு வலப்பக்கம். அதே நிறங்களில் வயர் வாங்கினால் அடுத்து வேலை செய்பவர் உங்களை வாழ்த்துவார்.

நெல்லை அன்பர்: ஃப்யூஸ் அவசியமா?

அவசியம். பெட்ரோல் டேங்குக்கு அடியில்தான் வயர் ஓடுகிறது.

கரூர் அன்பர்: கார்புரேட்டர் ட்யூனிங் பற்றி...

நல்ல மெக்கானிக் ஒருவரிடம் கேளுங்கள். இது என் துறை அல்ல.

விழுப்புரம் அன்பர்: இடது இண்டிகேட்டர் போட்டால் டெயில் விளக்கும் சேர்ந்து துடிக்கிறது.

எர்த். முதல் பதிலிலேயே சொன்னேன். பின் பக்க எர்த் விட்டுப்போனால், இண்டிகேட்டருக்குள் வந்த மின்சாரம் வெளியேற வழியில்லாமல் டெயில் விளக்கின் இழை வழியாகச் சுற்றிக்கொண்டு போகும்.

நாகர்கோவில் அன்பர்: பின் இண்டிகேட்டர் மட்டும் மங்கல். பல்பை மூன்று முறை மாற்றிவிட்டேன்.

இதுவும் எர்த்தாகவே இருக்க வேண்டும். நான்காவது பல்பை வாங்காதீர்கள். மீட்டரின் கருப்பு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும், சிவப்பு முனையை ஹோல்டரின் உலோகப் பகுதியிலும் வைத்து, விளக்கு எரியும்போது பாருங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் திரும்பும் பாதை கெட்டிருக்கிறது. சென்ற மாதம் என்னிடம் வந்த புல்லட்டில் 1.4 வோல்ட் காட்டியது. ஹோல்டரைக் கழற்றிப் பார்த்தபோது, தகட்டுக்கும் போல்ட்டுக்கும் நடுவில் மெரூன் பெயின்ட் கண்ணாடி போல முழுதாக இருந்தது. நாணய அளவு இடத்தைச் சுரண்டி, தனி எர்த் வயர் இழுத்து, மேலே வாஸ்லின் தடவிவிட்டேன். அதே பல்புதான், இப்போது பகலிலும் தெரிகிறது.

பெரம்பலூர் அன்பர்: ஃப்ளாஷர் சிமிட்டவில்லை, விளக்கு எரிந்துகொண்டே நிற்கிறது. எதனால்?

ஒன்று, பல்பு ஒன்று போயிருக்கும் அல்லது வாட் குறைவாக இருக்கும். இரண்டு, 12 வோல்ட் ஃப்ளாஷரை 6 வோல்ட்டில் போட்டிருப்பீர்கள். இரண்டும் இல்லையென்றால், நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை சிமிட்ட வேண்டிய அதைக் குறை சொல்வதற்கு முன் எர்த்தைப் பாருங்கள்.