மணல் போகும் வழியை முதலில் பாருங்கள்: துறைமுகச் சீரமைப்பு பற்றிய கேள்வி பதில்

துறைமுகக் கட்டுமானப் பணியில் முப்பது வருடம் இருந்துவிட்டு இப்போது காட்பாடியில் குடியிருக்கிறேன். கடலூர் போன்ற ஒரு கரையோர ஊரின் சரக்குத் துறைமுகத்தையும் கடற்கரையையும் எப்படி மாற்றி அமைப்பது என்று நம் பக்கத்து நண்பர்கள் கேட்டார்கள். என் பதில்கள் இதோ.

சார், எங்களுக்கு ஆம்பூரில் ஷூ ஏற்றுமதித் தொழில். துறைமுகத்தை மாற்றினால் எங்களுக்கு என்ன கிடைக்கும்?

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் சென்னைக் கடலோர ராயபுரத்திலிருந்து நம் வாலாஜா ரோட்டுக்குத்தான் வந்தது. கடலுக்கும் நமக்கும் அவ்வளவு பழைய உறவு. கப்பல் நிற்கும் இடத்தை எவ்வளவு ஆழப்படுத்தினாலும், கேட்டுக்கு வெளியே ட்ரெய்லர் வரிசை நகரவில்லை என்றால் உங்கள் பெட்டி கப்பலைத் தவறவிடும். அதனால் லாரிக்குத் தனிச் சாலை, டிரைவர்களுக்கு நிறுத்துமிடம், கழிப்பறை, குளிக்கத் தண்ணீர் எல்லாம் வரைபடத்தின் முதல் தாளிலேயே வர வேண்டும்.

ஐயா, நான் கட்டடக்கலை மாணவன், வேலூர். கடலூரை எடுத்து புராஜெக்ட் செய்கிறேன். எங்கிருந்து ஆரம்பிப்பது?

மணலிலிருந்து ஆரம்பியுங்கள் தம்பி. நம் கிழக்குக் கரையில் தென்மேற்குப் பருவ அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டே போகும். வடகிழக்குப் பருவத்தில் கொஞ்சம் திரும்பி வரும். கணக்குப் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். குறுக்கே கல் போட்டால் தெற்கில் மணல் சேரும், வடக்கில் கரை கரையும்.

சென்னையில் 1870களில் அலைதடுப்புச் சுவர் எழுப்ப ஆரம்பித்தார்கள். தெற்கே மெரினா விரிந்தது. உச்சி வெயிலில் அங்கே கால் சுடச் சுட எவ்வளவு தூரம் நடந்தால் அலையைத் தொடுகிறோம்! வடக்கே காசிமேடு தாண்டிப் போய்ப் பாருங்கள். கருங்கல் குவியலில் நின்றால் அலை நேராக முகத்தில் அடிக்கும். கால் வைக்க மணல் கிடையாது. இரண்டும் ஒரே சுவரின் வேலை.

புதுச்சேரியிலும் 1980களின் கடைசியில் துறைமுகம் வந்த பிறகு நகரக் கடற்கரை கல்சுவராகிப் போனது. 2018 வாக்கில் தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம் கடலுக்கடியில் ஒரு தடுப்பை வைத்த பிறகுதான் ஒரு பகுதியில் மணல் திரும்பியது.

கடலூரில் முகத்துவாரத்தைத் தூர்வாரும்போது வரும் மணல் வடகரைக்கே போக வேண்டும். தேவனாம்பட்டினம் கடற்கரை அந்தப் பக்கம்தான் இருக்கிறது. தூர்வாரும் ஒப்பந்தத்திலேயே இதை எழுதிவிட வேண்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் நடக்காது.

நடைபாதை, பூங்கா, கடைகள் வந்தால் ஊர் அழகாகும்தானே அண்ணா? (ராணிப்பேட்டையிலிருந்து ஒரு சகோதரி)

ஆகும்மா. ஆனால் அந்த இடத்தில் இன்று யார் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். விடியற்காலை நாலு மணிக்கு மீன் ஏலக்கூடத்தில் நின்றிருக்கிறேன். ஈரத் தரையில் அன்னக்கூடையோடு குந்தியிருக்கும் பெண்களுக்கு மேலே கூரை இல்லை, ஐஸ் வைக்க இடம் இல்லை. அவர்களை எழுப்பிவிட்டு டைல்ஸ் போட்டால் எனக்கு அது சீரமைப்பாகத் தெரியாது. வலை உலர்த்த வெறும் மணல் வேண்டும், படகு இழுக்கச் சரிவு வேண்டும். இவற்றுக்கு இடம் ஒதுக்கிய பிறகு மீதியில் நடைபாதை போடலாம், தாராளமாக.

நிலக்கரி இறக்கலாமா? (ஆரணி)

குடியிருப்புக்குப் பக்கத்தில் வேண்டாம். சென்னைத் துறைமுகத்திலிருந்தே 2011-ல் நீதிமன்ற உத்தரவால் நிலக்கரி எண்ணூருக்குப் போனது.

நம் பாலாற்றுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

நிறையவே உண்டு. கரையோர மணலில் பெரும்பகுதி ஆறுகள் கொண்டுவந்து கொட்டுவது. பாலாறு கல்பாக்கத்துக்குத் தெற்கே வயலூர் பக்கம் கடலில் சேர்கிறது. வேலூர் பாலத்தில் நின்று கீழே பாருங்கள், மணல் அள்ளிய பள்ளங்களில் சீமைக்கருவேலம் நிற்கிறது. இங்கே லாரியில் போன மணல் அந்தக் கரைக்குப் போய்ச் சேராத மணல். கடலூருக்கு இதே கணக்கைப் பெண்ணையாற்றிலும் கெடிலத்திலும் போட வேண்டும்.